முற்றத்தை மூடலாமா? கடற்கரை ஊரில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு

எங்கள் உம்மாவின் வீட்டு முற்றம் ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று முறை மூடப்பட்டது. இரண்டு முறை தாளில், ஒரு முறை கல்லில். தாளில் மூடித் திறந்ததற்கு ஒரு ரப்பரும் நாலு தேநீரும் செலவு. கல்லில் மூடித் திறந்த பணத்தில் இரண்டு கழிப்பறை கட்டியிருக்கலாம். பழைய வீட்டில் கைவைக்கப்போகிறவர்கள் யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வீடு கீழக்கரையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு என்பதால் அது உம்மாவுக்கு வந்தது, அடுத்து ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, போகும். நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் துபாயில் இருக்கிறார். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி நான்; ஆகவே கொத்தனாரோடு வெயிலில் நிற்கிற வேலை எனக்கு. உம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. ராத்தாவுக்குச் சமையலறை பெரிதாக வேண்டும். காக்காவுக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு புதுத் திட்டம் தோன்றும். அது வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வந்து சேரும். இதற்கிடையில் ராத்தா மகளுக்கு நிக்காஹ் பேசினார்கள், மாப்பிள்ளை வீட்டார் தங்க ஓர் அறை தேவைப்பட்டது. திட்டம் எப்படி மாறாமல் இருக்கும்?

ஆட்கள் மட்டும் மாற்றுவதில்லை, வீடும் மாற்றும். பூச்சைச் சுரண்டினால் உள்ளே தூலம் மக்கியிருக்கும். பிறகு கடல் மாற்றும். ஆகவே மாற்றத்தைத் தடுக்க முயன்று பயனில்லை. மாற்றம் தாளிலும் சுண்ணக்கோட்டிலும் நடந்து முடிகிற மாதிரி வேலையை வரிசைப்படுத்த முடியும். நான் பிந்திக் கற்றுக்கொண்ட அந்த வரிசையைக் கீழே எழுதுகிறேன்.

கடப்பாரைக்கு முன்னால் ஒரு மழைக்காலம்

வாய்ப்பிருந்தால் ஒரு ஐப்பசி, கார்த்திகையை அந்த வீட்டுக்குள் கழியுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பெரும்பாலான மழை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. வீட்டின் நோய் எல்லாம் அப்போதுதான் வெளியே தெரியும். எந்த மூலையில் ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, தெருத் தண்ணீர் வாசற்படிக்கு எத்தனை அங்குலம் வரை ஏறுகிறது என்று சுவரிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்று அந்தத் தெருக்காரர்களைக் கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட தெருவில் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுக்கும்போது, பொறியாளரின் கணக்கோடு அந்தக் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது, வேலையை இப்போதே தொடங்க வேண்டும் என்றால், குறைந்தது மூன்று நாள் வீட்டைத் தட்டிப் பாருங்கள். சிறு சுத்தியலும் கூரான ஊசிக்கம்பியும் போதும். பூச்சில் தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் வந்தால் அது சுவரைவிட்டுக் கழன்றிருக்கிறது. தூலம், உத்திரத்தின் நடுப்பகுதி எவ்வளவு மழமழவென்று இருந்தாலும் நம்பாதீர்கள். சுவருக்குள் செருகியிருக்கும் முனையில் ஊசியைக் குத்துங்கள். ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் நுழையும். எங்கள் வீட்டில் பதினோரு தூலத்தில் மூன்றின் முனை, ஊறிய ரஸ்க் போல இருந்தது. மற்ற எட்டும் பர்மா தேக்கு, இன்னும் நூறு ஆண்டு நிற்கும் என்றார் ஆசாரி. அவர் சொன்னதைக் காக்காவுக்கு அனுப்பினேன். மரக்கூரையை மொத்தமாக இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்ற திட்டம் அன்றோடு நின்றது. திட்டத்தை மாற்றுவதற்குச் சரியான நேரம் அதுதான், ஒரு செங்கல்கூட அசையும் முன்பு.

தாள்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்காதீர்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் பாருங்கள். பழைய குடியிருப்புகள் பலவும் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கு என்று ஒதுக்கிய நிலத்தில், இருப்பவை; தாத்தா பெயரிலேயே தாள் தூங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பங்குள்ள எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் பெற்ற பிறகே பணத்தை இறக்குங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதியில் அனுமதியோடு ஏற்கெனவே இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டவும் செய்யலாம். ஆனால் இப்போதுள்ள தரைப்பரப்பையும் மொத்தக் கட்டடப் பரப்பையும் மீறக் கூடாது. இது தெரியாமல் ‘பின்பக்கம் ஒரு பத்தடி இழுத்துக்கொள்ளலாம்’ என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. புது அறை, மாடி, பரப்பளவு கூடுகிற எதுவானாலும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ முதலில் எழுதிக் கேளுங்கள். வாய்வழிப் பதில், கேட்டவரும் சொன்னவரும் இடம் மாறியதும் காற்றில் போய்விடும்.

எது கல், எது மெழுகு

இனி முக்கியமான காரியம். வீட்டில் எடுக்கவேண்டிய முடிவுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: செய்து முடித்த பிறகு இதை மாற்ற வேண்டுமானால் எதையெல்லாம் உடைக்க வேண்டும்?

கழிப்பறை எங்கே, கழிவுக்குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது, கழிவுத் தொட்டி எங்கே, படிக்கட்டு எங்கே, எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, தரைமட்டம் எவ்வளவு, முற்றம் திறந்தா மூடியா என்பவை கல். இவற்றைப் பிறகு மாற்றினால் வேறு பத்து வேலைகளும் சேர்ந்து உடையும். கதவு திறக்கும் பக்கம், சமையல்மேடையின் நீளம், சுவிட்ச் இருக்கும் இடம், தரைக்குப் போடும் ஓடு ஆகியவை பூச்சு வேலை தொடங்கும்வரை மாறலாம். வண்ணம், அலமாரி, விளக்கு, திரை எல்லாம் மெழுகு. கடைசி வாரம் வரை யார் வேண்டுமானாலும் உருக்கி வார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் குடும்பத்தில் இது நேர்தலைகீழாக நடந்தது. வண்ணத்தைப் பற்றி இரண்டு மாதம் சண்டை. கழிப்பறை எங்கே என்பதை மேஸ்திரி ஒரு காலையில் தானாகவே தீர்மானித்துவிட்டார், நாங்கள் யாரும் சொல்லாததால். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆள் வந்து நிற்கிறான், கூலி ஓடுகிறது. பதில் சொல்லாத வீட்டுக்காரனுக்குப் பதிலாக அவர் முடிவெடுக்கிறார்.

கல் முடிவுகளைத் தாளில் வரைந்தால் மட்டும் போதாது. எங்கள் வீட்டுப் பெண்களில் யாருக்கும் வரைபடம் பார்த்து இடத்தைக் கற்பனை செய்ய வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுண்ணாம்பை நீரில் குழைத்து, புதுச் சுவர்கள் வரப்போகும் இடத்தில் தரையிலேயே கோடு இழுத்தோம். கதவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டோம். கட்டிலையும் பீரோவையும் கோட்டுக்குள் நகர்த்தினோம். ஒரு வாரம் எல்லோரும் அந்தக் கோடுகளைச் சுவர் என்று எண்ணிச் சுற்றிச் சுற்றி நடந்தோம். நாலாவது நாள் உம்மா சொன்னார்: “இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போக இரண்டு வாசல் தாண்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் பக்கம் வேண்டும்.” கோட்டை அழித்து வேறு கோடு போட்டோம். இதே பேச்சு சுவர் எழும்பிய பிறகு வந்திருந்தால் உம்மா வாயைத் திறந்திருக்க மாட்டார், பிள்ளைகளுக்குச் செலவு என்று பொறுத்துக்கொண்டிருப்பார். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சுண்ணக்கோடு போடுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கோடு போட்ட நோட்டு

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். வேலை தொடங்கிய பிறகு வருகிற ஒவ்வொரு மாற்றமும் அதில் ஏற வேண்டும்: தேதி, யார் கேட்டது, என்ன மாற்றம், எதை உடைக்க வேண்டும், எத்தனை நாள் கூடும், எவ்வளவு பணம், யார் கொடுப்பது. கீழே மேஸ்திரியின் கையெழுத்தும் வீட்டுக்காரரின் கையெழுத்தும். இரண்டும் விழும் வரை கரண்டி அசையக் கூடாது.

இது பார்ப்பதற்குக் கடுமையாகத் தெரியும். முதல் வாரம் மேஸ்திரியே சிரித்தார். மூன்றாவது வாரம் அவரே நோட்டைக் கேட்டு வாங்கினார். காரணம் எளிது. பழைய வீட்டு வேலையில் கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் கூடுதல் வேலைக் கணக்கில்தான். “நீங்கள் சொன்னீர்கள், நான் செய்தேன்” என்பார் அவர். “இதெல்லாம் பேசியதற்குள்ளேயே அடக்கம்” என்பார் இவர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், எழுத்தில் மட்டும் எதுவும் இருக்காது.

வெளிநாட்டில் இருக்கிற உறவுக்கு இந்த நோட்டு இன்னொரு விதத்தில் உதவும். காக்கா குரல் செய்தியில் “அந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்” என்று சொல்வார். நான் மறுப்பதில்லை. நோட்டில் எழுதி, மேஸ்திரியிடம் தொகை போடச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடுவேன். பத்துக் கோரிக்கையில் ஏழு அந்தப் படத்தோடு முடிந்துபோகும். மீதி மூன்று நல்ல யோசனையாக இருக்கும். அவற்றுக்குப் பணமும் வரும். ஒரே ஒருவர்தான் மேஸ்திரியிடம் நேரே பேச வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். முற்றத்தைக் கல்லில் மூடியது எப்படி என்று கேட்டால், நான் மதுரைக்குப் போயிருந்த இரண்டு நாளில், காக்கா மேஸ்திரிக்கே அழைத்துச் சொல்லி நடந்தது. திரும்பி வந்தபோது முட்டுக்கொடுத்துச் சென்ட்ரிங் அடித்துத் தளமும் போட்டாயிற்று. அதன் பிறகு கூடத்தில் பகலிலும் விளக்கு எரிந்தது, காற்று நின்றது, மூன்றே மாதத்தில் உள்சுவரில் பூஞ்சை கறுத்தது. உடைத்தோம். நோட்டு வாங்கியது அதற்கு மறுநாள்.

நாட்காட்டியும் காற்றும்

தை பிறந்ததும் கூரையைத் திறங்கள், ஆனிக்குள் மூடிவிடுங்கள். புரட்டாசிக்குப் பிறகு கூரையில் கைவைக்காதீர்கள், எவ்வளவு அவசரம் என்றாலும். நோன்பு மாதம் இந்த இடைவெளிக்குள் விழுகிற ஆண்டில் வேலை நேரம் குறையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; வெயிலில் நோன்போடு சாரத்தில் நிற்கிறவரை அவசரப்படுத்துவது நியாயம் இல்லை.

வரிசை எப்போதும் மேலிருந்து கீழ்: கூரை, பிறகு சுவரின் உள்நோய், குழாய், மின்கம்பி, பூச்சு, தரை, கடைசியில் கதவும் வண்ணமும். பணம் நின்றுபோனாலும் திட்டம் பாதியில் மாறினாலும், கூரை முடிந்த வீடு காத்திருக்கும். தரைக்குப் பளபளப்பான ஓடு போட்டுவிட்டு ஒழுகும் கூரையோடு நிற்கிற வீடுகளை இந்தக் கடற்கரை நெடுகப் பார்க்கலாம்.

காற்றின் திசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற தென்கரை ஊர்களில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்மேற்குச் சுவர் உப்பில் குளிக்கும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் வாடைக்காற்றும் வடகிழக்குச் சுவரும். அந்தப் பக்கத்தில் இரும்பு எதுவும் வேண்டாம், பெரிய ஜன்னலும் வேண்டாம். பழைய வீட்டில் அந்தப் பக்கம் சின்ன ஜன்னலாக இருந்தால் கட்டியவர் தெரிந்தே செய்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சுவருக்குள் கடல்

இந்தக் கரையின் பழைய வீடுகளில் பவளப்பாறைக் கல் இருக்கும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் நிற்கிற தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் தெரியும். துளைதுளையாக, தூக்கினால் எதிர்பார்த்ததைவிட எடை குறைவாக. அதைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டினார்கள். கல்லும் சுண்ணாம்பும் ஒரே குலம். இரண்டும் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் அடித்ததும் வெளியே விடும்.

இதன்மேல் சிமெண்ட் பூசினால் மூச்சடைக்கும். உள்ளே வந்த ஈரம் வெளியேற வழி தேடி, பூச்சுக்குப் பின்னால் தேங்கும். அதோடு வந்த உப்பு அங்கே பொடிப்பொடியாகப் பூத்து, பூச்சைத் தள்ளும். இரண்டு ஆண்டில் சிமெண்ட் பலகை பலகையாக விழும். விழும்போது பழைய கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். ‘சுண்ணாம்பு பழைய காலம், சிமெண்ட்தான் உறுதி’ என்று சொல்லாத கொத்தனாரை நான் இதுவரை சந்தித்ததில்லை. புதுச் சுவருக்கு அவர் சொல்வது சரி. பழைய சுவருக்குச் சுண்ணாம்பு தெரிந்த ஆளைத் தேடுங்கள், கூலி கூடினாலும்.

உப்பு பூத்த சுவரை என்ன செய்வது? முதலில் கழன்ற பூச்சை எடுத்துவிட்டு, உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். ஆசிட் ஊற்றவே கூடாது. சுண்ணாம்பையும் பவளக்கல்லையும் அது தின்றுவிடும். பிறகு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்று பூசி, சில மாதம் விடுங்கள். அது உப்பை உறிஞ்சிப் பொரியும். பொரிந்ததும் சுரண்டி எறிந்துவிட்டு, உண்மையான பூச்சைப் பூசுங்கள். வீட்டுத் திட்டம் மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு ஒரு வரம். சுவர் உலர்கிற அந்த மாதங்களில் குடும்பம் சண்டையிட்டு முடிக்கட்டும்.

மின்கம்பிக்காகப் பவளக்கல் சுவரை மெஷின் வைத்து அறுக்காதீர்கள், பொலபொலவென்று உதிரும். மேலே பட்டியோ குழாயோ ஓட்டி அதில் கம்பியை இழுப்பதே நல்லது. அழகு குறையும் என்று ராத்தா மறுத்தார். அடுத்த ஆண்டு ஒரு சுவிட்சை நகர்த்த வேண்டியிருந்தபோது சுவரைத் தொடாமல் முடிந்தது, அவரே ஒத்துக்கொண்டார்.

ஒரு எச்சரிக்கை. கல் குறைந்தால் ‘எங்கேயாவது வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொல்லக்கூடும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலான தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 2001இல் பாறை உருவாக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். உங்கள் வீட்டுச் சுவரில் சரிந்த கல்லை அதே சுவரில் திரும்ப வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பற்றாக்குறைக்கு நன்றாக வெந்த செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டலாம்.

மட்டப்பாவும் புதுக் கான்கிரீட்டும்

தூலத்தின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி இடித்து, தட்டோடு பதித்த பழைய மொட்டைமாடி (அதுதான் மட்டப்பா) உங்கள் வீட்டில் இருந்தால், ஒழுகுகிறது என்பதற்காக அதன்மேல் கான்கிரீட் கொட்டிவிடாதீர்கள். ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டால் ஏறக்குறைய 1,700 கிலோ. அந்தத் தூலங்கள் இந்தப் பாரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. தட்டோட்டின் இடுக்குகளைத் தோண்டிச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, தண்ணீர் ஓடும் வாட்டத்தைச் சரிசெய்தாலே பாதி ஒழுகல் நிற்கும். மக்கிய முனைகளை வெட்டி, பழைய மரத்தையே ஒட்டுச்சேர்க்க ஆசாரிக்குத் தெரியும்.

புதிதாகக் கான்கிரீட் போட்டே ஆக வேண்டிய இடங்கள் இருக்கும். கழிப்பறை, லிண்டல், நிக்காஹ்வுக்காகச் சேர்த்த அறை. அங்கே மலிவு பார்க்காதீர்கள். கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலில் வெளியே திறந்திருக்கும் கம்பி போட்ட கான்கிரீட்டைக் ‘கடுமையான’ வகையில் வைக்கிறது: எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும், சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் சேரக் கூடாது. நடைமுறையில் கொத்தனார் கம்பிக்கு அடியில் மூடலுக்கு இடம்விட வைக்கும் கவர் பிளாக்கை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வைத்துவிட்டு, கலவை இளகட்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். உப்பு கம்பியை எட்டிவிட்டால் துரு பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் வெடிக்கும். இப்படி வெடித்துக் கம்பி தெரியும் சன்ஷேடுகளைக் கடலோர ஊரின் எந்தத் தெருவிலும் எண்ணிப்பார்க்கலாம். பெரும்பாலும் அவை அந்த வீட்டின் மிகப் பழைய பகுதியாக இருக்காது. நடுவில் யாரோ ‘புதுப்பித்த’ பகுதியாக இருக்கும்.

தண்ணீரைச் சோதியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதே விதி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு புட்டி நீரைக் கொடுத்தால் தெரிந்துவிடும். எங்கள் கிணறு தேறவில்லை. குளிக்கவும் துவைக்கவும் மட்டும் அதை வைத்துக்கொண்டு, கலவைக்கும் நனைப்பதற்கும் லாரித் தண்ணீர் வாங்கினோம். குறைந்தது பத்து நாள் சாக்கு போர்த்தி நனைக்க வேண்டும் என்பதால் இந்தச் செலவை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரை மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அதில் உப்பு இருக்கிறது.

பிற்பாடு வரப்போகும் மாற்றத்துக்கு வழி விடுவது

குழாயும் மின்கம்பியும் போடும் நாளில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். மாடி வருமா வராதா என்று குடும்பம் முடிவெடுக்காவிட்டாலும், கழிவுக்குழாயிலும் தண்ணீர்க்குழாயிலும் மேலே ஒரு கிளையை விட்டு மூடி போட்டுவையுங்கள். சுவரைத் தாண்டும் இடங்களில் காலிக் குழாய் ஒன்றைச் செருகிவிடுங்கள். அன்றைக்குச் சில நூறு ரூபாய். பிறகு செய்தால் ஒரு சுவரும் ஒரு தரையும். பழைய மரப்பட்டி வயரிங் இருந்தால் முழுவதையும் மாற்றி, எர்த்தும் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் வைக்கச் சொல்லுங்கள்.

பூச்சுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அடுத்த முறை ஆணி அடிக்கும்போது தெரிய வேண்டும்.

நம் மணல்பூமியில் கழிவுநீர் வேகமாக ஊறும், நிலத்தடி நீரோ கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும். கழிவுத் தொட்டியின் உறிஞ்சுகுழியைக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடிக்காவது தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்து. இந்த ஒரு அளவு எங்கள் திட்டத்தில் கழிப்பறையை மறுபடியும் இடம் மாற்ற வைத்தது. நல்லவேளை, அப்போதும் அது சுண்ணக்கோடாகத்தான் இருந்தது.

கீல், தாழ்ப்பாள் பித்தளையில் வாங்குங்கள். திருகாணி எவர்சில்வரில் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண 304 நம் காற்றில் சீக்கிரம் பழுப்புக் கட்டும். பழைய நிலையும் கதவும் விற்கக் கேட்டு ஆள் வருவார்கள். அவசரத்துக்கு விற்றுவிட்டால் அந்த மரத்தை அந்த விலைக்குத் திரும்ப வாங்க முடியாது.

பணம்

மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். அந்தப் பணம் வீடு கேட்கிற மாற்றத்துக்கு: மக்கிய தூலம், சரிந்த சுவர், உப்புக் கிணறு. ஆட்கள் கேட்கிற மாற்றத்துக்கு, கேட்டவர் தர வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டதால் எங்கள் வீட்டில் காக்காவின் முற்றம் உம்மாவின் தூலத்தைத் தின்றது.

மேஸ்திரிக்கு வாரக்கூலியாகக் கொடுப்பதா, மொத்த ஒப்பந்தமா என்று கேட்பார்கள். புது வீட்டுக்கு ஒப்பந்தம் நல்லது. பழைய வீட்டில், சுவரைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கும்வரை நாள்கூலியில் செய்யுங்கள். அதன்பிறகு மீதிக்கு அளவெடுத்து ஒப்பந்தம் போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தொகை சொல்கிற மேஸ்திரி, ஒன்று பயத்தில் கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டு இடையில் காணாமல் போவார். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிக் கட்டத்தை முதல் மழைக்குப் பிறகு தருவதாகப் பேசுங்கள். எங்கள் மேஸ்திரி இதற்கு ஒத்துக்கொண்டார். ஐப்பசியில் முதல் மழை பெய்த இரவே வந்து, உம்மா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே கூரையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு மூலையில் மட்டும் சொட்டியது. மறுநாளே சரிசெய்து, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

முற்றம் இப்போது திறந்தே இருக்கிறது; மேலே கம்பிவலை மட்டும், அதுவும் எவர்சில்வரில். போன வெள்ளிக்கிழமை காக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது, வலையின்மேல் கண்ணாடி போட்டால் என்ன என்று. நோட்டின் முப்பத்தோராவது பக்கத்தில் எழுதி, தொகை போட்டு, படம் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டியவர் ராத்தா. அவர் இன்னும் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.